வாலு கொடுத்த பூஜ்யம்

வீட்டில் எல்லோருக்கும் அவள் வாலுதான். ஒரு பல் மருத்துவமனைக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாள். நோயாளிகளின் விவரங்களை மறையாக்கிப் பூட்டிவைக்க, அண்ணி உருவாக்கிய நிரல் நூலகத்தையே, அதாவது யாரும் எடுத்துத் தம் மென்பொருளில் சேர்த்துக்கொள்ளக்கூடிய ஆயத்த நிரல் தொகுப்பையே, எடுத்துக்கொண்டாள்.

அண்ணிக்கு அந்த நூலகம் பெறாத பிள்ளை. பூட்டும் முறை, சாவி, ஒவ்வொரு பூட்டலுக்கும் புதிதாகத் தரவேண்டிய ஓர் எண் என்று எல்லாமே தனித்தனிப் பாகங்கள். வேண்டாததைக் கழற்றி வேறொன்றை மாட்டிக்கொள்ளலாம்.

ஞாயிற்றுக்கிழமை அண்ணி வீட்டில் சாப்பிட்ட கையோடு வாலு மடிக்கணினியைத் திறந்து காட்டினாள்.

"பாருங்க அண்ணி, உங்க சரக்கை வெச்சு ஓட்டிட்டேன். நாளைக்கு மருத்துவமனையில போடப் போறோம்."

பார்த்துக்கொண்டே வந்த அண்ணியின் முகம் மாறியது. "இந்த எண் ஏன்டி எல்லா இடத்துலயும் பூஜ்யமா இருக்கு?"

"ஏதோ எண் கேட்டுச்சு, குடுத்தேன். ஓடுச்சே!"

"ஒரே எண்ணைத் திரும்பத் திரும்பக் குடுத்தா, ரெண்டு பதிவைப் பக்கத்துல பக்கத்துல வெச்சே உள்ள இருக்கறதைக் கறந்துடுவாங்க. வழிகாட்டியில கொட்டை எழுத்துல எழுதியிருக்கேனே, படிக்கலையா?"

வாலுவின் கண் கலங்கிவிட்டது. "படிக்கத்தான் உக்காந்தேன். பாதியிலேயே தலை சுத்திடுச்சு. தப்பா குடுத்தா அதுவே கத்தும்னு நெனச்சேன்."

அண்ணி திரையை மறுபடி பார்த்தாள். பூஜ்யத்தை மூச்சுவிடாமல் வாங்கிக்கொண்டது அவள் எழுதிய நிரல்தானே!

"என்ன, கூட்டணி உடையுதா?" என்று பாத்திரம் கழுவிக்கொண்டே அண்ணன் குரல் கொடுத்தான்.

"நீங்க பாத்திரத்தைப் பாருங்க" என்றாள் அண்ணி. வாலுவின் கண்ணைத் துடைத்துவிட்டு, "தள்ளி உக்காருடி. தப்பு என் மேலதான்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

மறுநாள் வாலு மேலாளரிடம் உண்மையைச் சொல்லி ஒரு வாரம் தவணை கேட்டாள். அவர் முணுமுணுத்துக்கொண்டே ஒப்புக்கொண்டார். அந்த வாரம் அவள் ஜாகை அண்ணி வீட்டில். இருவருமாக உட்கார்ந்து நூலகத்தைத் திருத்தினார்கள். பயன்படுத்துகிறவருக்கு 'பூட்டு', 'திற' என்ற இரண்டே கட்டளைகள் தெரிந்தால் போதும் என்றாயிற்று. அந்த எண்ணை நிரலே உண்டாக்கி, பூட்டிய பதிவோடு ஒட்டிவிடும். கழற்றி மாட்டும் பாகங்கள் உள்ளறைக்குப் போயின. விவரம் தெரிந்தவர்கள் அங்கே போய்க் கைவைக்கட்டும்.

எல்லாம் சுமுகமாக நடந்துவிடவில்லை. ஒவ்வொரு பெயருக்கும் ஒரு சண்டை. "இது எனக்கே புரியலை, மாத்துங்க" என்பாள் வாலு. "உனக்குப் புரியற வரைக்கும் விடமாட்டேன்" என்பாள் அண்ணி. பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். பாவம் அண்ணன், சொந்த வீட்டிலேயே பேச்சுத் துணைக்கு ஆளில்லாமல் சுற்றிவந்தான்.