நாலாங் கண்ணில் ஒரு சாமி

கல் பாலத்தின் நாலாங் கண்ணில் திடீரென்று முளைத்த சாமியைத் தெருவில் திரௌபதி மட்டும் இன்னும் கும்பிடவில்லை. வெள்ளைக்காரன் காலத்து ரயில் பாலம். அதன் வளைவுக் கண்கள் மூன்றில் ஓடைச் சேறும் முள்ளும், நாலாவதில்தான் வழி. அவள் தெருப் பிணம் ஊர்த்தெருவில் போகக் கூடாது. அதனால் அவர்களில் செத்தவர்கள் எல்லோரும் அந்தக் கண்ணுக்குள் நுழைந்துதான் சுடுகாட்டுக்குப் போனார்கள். அடுத்தது யார் என்பதும் தெருவுக்குத் தெரியும். அவள் அப்பா அப்பாதுரையை வீட்டுக்கே கொண்டுபோகச் சொல்லி ஆஸ்பத்திரியில் அனுப்பிவிட்டார்கள்.

முதல் கற்பூரம் ஏற்றியவள் அவள் அம்மா ராஜம்மாள்தான். மஞ்சள் பூசிய கல்லைக் கண்டதும், புருஷன் எழுந்து உட்காரட்டும் என்று வேண்டிக்கொண்டாள். மறுநாள் தெருவே வந்தது. பிறகு சூலம் வந்தது, கல்லைச் சுற்றிக் கம்பி வேலி வந்தது. யார் வைத்தது என்று எவரும் கேட்கவில்லை. பாலத்துக்கு அந்தப் பக்கம், மலை தெரிகிற மனை என்று சொல்லி விற்கும் ராஜேந்திரன் காரை நிறுத்திக் கும்பிட்டான். "சாமி இருக்கிற எடம். இனிமே இந்தப் பக்கம் பொணம் கிணம் வேணாம்மா" என்றான். அம்மா தலையாட்டினாள்.

திரௌபதி பட்டம் வாங்கியபோது தெருவே சேர்ந்து பேனர் கட்டியது. இப்போது அவள் வாயைத் திறந்தால், படிச்ச திமிர் என்கிறார்கள்.

அன்று மதியம் பாட்டில் தண்ணீரை ஊற்றி மஞ்சளைக் கழுவினாள். நாலு பக்கமும் உளியால் கொத்திச் சதுரமாக்கிய கல். நிமிர்ந்து பார்த்தாள். கல்லுக்கு நேர் மேலே, பாலத்தின் பக்கச் சுவரில் அதே அளவுக்கு ஒரு பொந்து. உள்ளே செம்மண் தெரிந்தது. கற்பூரத்தோடு வந்த அம்மாவின் கையைப் பிடித்து அங்கே காட்டினாள்.

"சாமி தானா வரலம்மா. அந்த மனை விக்கிறவன் பாலத்துலர்ந்து பேத்து நட்டிருக்கான்."

"நீ பாத்தியா?"

"பாக்கணுமா? நம்ம பொணம் போற வழியில எவன் மனை வாங்குவான்? நீ ஏன் அவன்கிட்ட சரின்னு தலையாட்டுன?"

ராஜம்மாள் கற்பூரத்தைக் கைக்குள் மூடிக்கொண்டாள்.

"வழி வேணும்னு சொன்னா, உங்கப்பன் போயிடுவாருன்னு நானே சொன்ன மாதிரி ஆவாதா?"

திரௌபதி வேலிக்கும் எதிர்ச் சுவருக்கும் நடுவில் போய் நின்று கைகளை விரித்தாள். முழங்கைக்கு மேல் நீட்ட முடியவில்லை. பாடையின் அகலம் அம்மாவுக்குத் தெரியும்.

அப்போது காட்பாடி ரயில் மேலே போனது. பாலம் அதிர்ந்தது. பொந்திலிருந்து செம்மண் பொலபொலவென்று உதிர்ந்து சாமியின் தலையில் விழுந்தது. துடைப்பதற்காக ராஜம்மாள் முந்தானையை எடுத்துக்கொண்டு குனிந்தாள். கை கல்லுக்குச் சற்று மேலேயே நின்றது. ரயில் போய்விட்டது. மண் மட்டும் இன்னும் கொட்டிக்கொண்டிருந்தது.