ஏழாவது படம் அழுகுது

மதியம் மூன்று மணிக்கு எனக்கு உடம்பு என்று ஒன்று இருக்காது. வெறும் கண்தான். அதுவும் என் கண் இல்லை. எங்கெங்கோ உட்கார்ந்து போனைப் பார்த்துக்கொண்டிருக்கும் இருநூறு முன்னூறு பேருடைய கண்.

நான் ஒரு கலைக்கூடத்தில் வேலை செய்கிறேன். சக்கரம் வைத்த தாங்கியில் கேமராவை மாட்டி, ஆளில்லாத அறைகளுக்குள் மெதுவாகத் தள்ளிக்கொண்டு போக வேண்டும். சுவரில் இருக்கும் படங்கள் நேரலையில் போகும். பார்ப்பவர்கள் எழுதும் கருத்துகள் கேமராவுக்குக் கீழே சின்னத் திரையில் அடியிலிருந்து கிளம்பி, மேலே வந்து, மறைந்துபோகும். கூரைக் கண்ணாடி வழியாக வெயில் பால் மாதிரி இறங்கும். சக்கரம் உருளும் சத்தம் தவிர வேறு சத்தம் இருக்காது. “இடது பக்கம் திரும்புங்க” என்று யாரோ எழுதுவார், திரும்புவேன். “கொஞ்சம் நில்லுங்க” என்பார்கள்; நிற்பேன். பத்து நிமிடம் போனால் நான் நடக்கிறேனா, என்னை வைத்து யாராவது கனவு காண்கிறார்களா என்றே தெரியாது.

கனவு கலைவது கருத்துகளைப் படிக்கும்போதுதான். அருமை. சூப்பர். வாழ்த்துகள். இதயம், இதயம், இதயம். “கேமரா அக்கா, சாப்பிட்டீங்களா?” என்று ஒருவர் தினமும் கேட்பார். சாப்பிட்டேன் என்று சொன்னால் என்ன சாப்பாடு என்பார். சிரித்துவைப்பேன். வேறென்ன செய்ய? ஆனால் யாராவது வம்பாக எழுதினால் நீக்குவதும் என் வேலைதான். அதைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு செய்வேன். எனக்கு மூக்குக்கு மேல் கோபம் வரும் என்று வீட்டில் எல்லாருக்கும் தெரியும்.

அந்த வாரம் சுவரில் இருந்தவை என் அண்ணியின் படங்கள். அதனால் கோபம் இன்னும் கொஞ்சம் கூடுதல்.

அண்ணி மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள். அண்ணன் கப்பலில் இருக்கிறான். வருடத்தில் பாதி நாள் தண்ணீர் மேல். பதினோரு வருடத்துக்கு முன்னால் அண்ணி ஒரு கண்காட்சி வைத்தாள். வந்தவர்கள் எல்லாரும் அருமை என்றார்கள், பிஸ்கட் சாப்பிட்டார்கள், போனார்கள். எந்தப் படத்தில் என்ன இருந்தது என்று அவள் கேட்டபோது ஒருவருக்கும் சொல்லத் தெரியவில்லை. அன்றைக்குத் தூரிகையைக் கழுவிக் கவிழ்த்துவைத்தவள், போன வருடம்தான் மறுபடி எடுத்தாள். பதினான்கு மாதத்தில் ஒன்பது படங்கள். ஒன்பதும் ஒரே சுவர். அவள் சமையலறைச் சுவர்தான். மேடை, கெட்டில், ஒரு ஸ்டூல், வெவ்வேறு நேரத்து வெளிச்சம்.

“யாராவது ஒருத்தர் உண்மையிலேயே பாத்தாங்கன்னு தெரிஞ்சா போதும்,” என்று படங்களை மாட்டிய அன்று சொன்னாள். “இல்லேன்னா இதோட விட்டுடறேன். இந்தத் தடவ விட்டா விட்டதுதான்.”

அண்ணி வாய்க்கு வந்ததைச் சொல்கிற ரகம் இல்லை. சொன்னால் செய்வாள். எனக்குப் பயமாக இருந்தது.

திங்கட்கிழமை முதல் நேரலை. ஏழாவது படத்தைத் தாண்டும்போது ‘அரை இஞ்ச்’ என்ற பெயரில் ஒருவர் எழுதினார்: “ஏழாவது படம் அழுகுது.”

அழகு என்று எழுதப்போய் ழவுக்குக் கீழே ஒரு சுழியும் கடைசியில் ஒரு ‘து’வும் கூடிவிட்டது என்று நினைத்தேன். அவசரத்தில் விரல் தவறுவது எல்லாருக்கும் நடப்பதுதானே. “நன்றி” என்று பதில் போட்டுவிட்டு எட்டாவதுக்கு நகர்ந்தேன்.

எங்கள் மேலாளர் அதைப் படித்துவிட்டு வேறு விதமாகப் புரிந்துகொண்டார். “அழுகுதுன்னா அழுவுதுன்னு அர்த்தம்மா. எவ்வளவு பெரிய ரசனை பாருங்க. படமே அழுவுது!” என்றார். சாயங்காலமே கலைக்கூடத்தின் இணையப் பக்கத்தில் பூ வேலைப்பாடு போட்ட பெரிய எழுத்தில் வந்துவிட்டது: ‘படம் அழுகிறது — ஒரு ரசிகர்.’ ஆயிரம் இதயம் விழுந்தது. அதன் கீழே யாரோ, “பச்சை நிறத்தின் வழியே காலம் கசிகிறது” என்று வேறு எழுதியிருந்தார்கள்.

செவ்வாய்க்கிழமை நேரலையில் அரை இஞ்ச் மறுபடி வந்தார். “அழறது இல்லைங்க. அழுகுறது. முட்டைகோஸ் அழுகுற மாதிரி.”

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. பதினான்கு மாதம் ஒருத்தி கடையில் கண் வலிக்க லென்ஸ் தேய்த்துவிட்டு, மீதிக் கண்ணை வைத்து வரைந்திருக்கிறாள். இவருக்கு அது முட்டைகோஸ். நீக்கினேன். புதன்கிழமை அதே பெயரில் நீளமாக ஒன்று வந்தது. பெயரைப் பார்த்ததுமே படிக்காமல் நீக்கினேன். அடுத்த நிமிடம் இன்னொன்று வந்தது. அதையும் நீக்கி, ஆளையே தடுத்துவிட்டேன். செய்ததும் ஒரு நிம்மதி வந்தது. பொய் சொல்ல மாட்டேன்.

வியாழக்கிழமை அண்ணி கடையில் அரை நாள் விடுப்பு சொல்லிவிட்டு, மதியம் ஒன்றரைக்கே வந்துவிட்டாள். தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டு, மூன்று நாள் கருத்துகளையும் என் கணினியில் ஒன்று விடாமல் படித்தாள். நானூறுக்கு மேல் இருந்தது. வெயில் அவள் முதுகிலிருந்து மடிக்கு வரும்வரை படித்தாள். பிறகு கணினியை மூடினாள்.

“சரி. சனிக்கிழமை இறக்கிடலாம்.”

“அண்ணி, ஒரு மாசத்துக்கு ஏற்பாடு ஆகியிருக்கு.”

“எதுக்கு ஒரு மாசம்? எல்லாரும் நல்லவங்கதான். யாரும் பாக்கல.” கொஞ்சம் நிறுத்திக் கேட்டாள்: “ஒருத்தர்கூட திட்டலியா? திட்டினாலாவது பாத்தாங்கன்னு ஆகும்.”

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்க எனக்கு அப்போது தெம்பு இல்லை. “ஒருத்தர் திட்டினார்,” என்றேன். நீக்கிய கருத்துகள் ஒரு மாதம் கணினியில் தனியாக இருக்கும். திறந்து கொடுத்தேன். புதன்கிழமை வந்த முதலாவதை நானும் அப்போதுதான் படித்தேன்.

‘முதல் படத்துல இல்ல. ரெண்டுலயும் இல்ல. மூணுல தொடங்குது. வலது பக்கம், இடுப்பு உயரம், உள்ளங்கை அளவு. அஞ்சுல ஒரு தட்டு அளவு. ஏழுல நல்லா அழுகிடுச்சு. கேமரா அக்கா, கிட்ட போய் காட்டுங்க.’

அண்ணி எழுந்தாள். முதல் படத்தின் முன்னால் போய் நின்றாள். இரண்டு. மூன்றில் குனிந்தாள். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் நடந்தாள். ஏன் என்று எனக்குத் தெரியவில்லை. ஒவ்வொரு படமாக நடந்து, ஒன்பதாவதுக்குப் போய்ச் சேர்ந்தபோது அவள் எங்கோ ரொம்ப தூரத்தில் இருப்பது போலத் தெரிந்தது. அவர் எழுதிய இடத்தில், சுவரில் ஒரு பச்சைத் திட்டு; முதல் இரண்டில் இல்லை. மூன்றிலிருந்து ஒன்பது வரை மெல்ல மெல்லப் பெரிதாகிக்கொண்டே வந்திருந்தது. வரிசையாகப் பார்த்தால் பச்சைக் குழந்தைக்கும் தெரியும். நான் மூன்று நாள் அதே வரிசையில்தான் கேமராவைத் தள்ளினேன்.

“ஜன்னலுக்கு வெளிய மரம் இருக்குல்ல. அதோட நிழல்னு நெனச்சேன்,” என்றாள் அண்ணி. “பாத்ததத்தான் போட்டேன். ஆனா எனக்குத் தெரியல பாரு. கைதான் பாத்திருக்கு.”

பிறகு, “அந்த ஆளக் கூப்பிடு,” என்றாள்.

தடையை எடுத்தேன். தனிச் செய்தி அனுப்பினால் பதில் வருமா என்று தெரியாததால், மூன்று மணி நேரலையைத் தொடங்கி வெளிப்படையாகவே அழைத்தேன். கேமராவை அன்று அண்ணிதான் தள்ளினாள். எனக்குக் கருத்துகளைப் படித்துச் சொல்லும் வேலை. இருநூற்று ஐம்பது பேர் இருந்தார்கள். இதயங்கள் வழக்கம்போல மேலே போய்க்கொண்டிருந்தன. ஏழாவது படத்தின் முன்னால் நின்றோம். ஐந்து நிமிடம் ஆயிற்று. சாப்பிட்டீங்களா வந்தது. அதற்குப் பிறகு அரை இஞ்ச் வந்தார்.

“‘இருக்கேங்க. குழாய் வேலை செய்யறேன்’னு எழுதறார், அண்ணி. ‘ஒட்டுன பசை காயற வரைக்கும் இருபது நிமிசம் சும்மா உக்காரணும். அப்பதான் இதப் பாப்பேன்.’”

“என்ன அழுகுதுன்னு கேளு.”

கேட்டேன். எழுதிக்கொண்டிருக்கிறார் என்று புள்ளிகள் ஆடின.

“‘சுவர். உள்ள போற அரை இஞ்ச் குழாய்ல இணைப்பு விட்டிருக்கு. தண்ணி மேல இருந்து வரல, உள்ள இருந்து வருது. ஓரம் பாருங்க, அப்படித்தான் படரும்.’”

“இது படம்னு சொல்லு.”

“‘படம்னு தெரியுதுங்க. ஆனா நெனச்சு வரைஞ்சா இப்படி வராது. எங்கயோ இந்தச் சுவர் இருக்கு.’” மூச்சு வாங்கினேன். அடுத்த வரி வந்துவிட்டது. “‘ஒன்பதாவது படத்துக்குப் போங்க. கெட்டில் வயர் போற பிளக் இருக்குல்ல? ஈரம் அதத் தொட்டாச்சு. வரைஞ்சவங்களத் தெரிஞ்சா இன்னைக்கே சொல்லிடுங்க. அந்தப் பிளக்கத் தொட வேணாம்னு சொல்லுங்க. மூணு நாளா இதத்தான் சொல்ல வந்தேன். போகவே மாட்டேங்குது.’”

அண்ணி கேமராவை விட்டுவிட்டாள். தாங்கி தானாக ஒரு அடி உருண்டு நின்றது. இதயங்கள் நின்றுவிட்டன, இல்லை, என் கண்ணுக்குத் தெரியவில்லை. அந்தப் பிளக்கை நான் தொட்டிருக்கிறேன். ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அண்ணி வீட்டில் கெட்டிலைச் சொருகித் தேநீர் போடுவது நான்தான். கை கழுவிவிட்டு, ஈரத்தைத் துடைக்காமல் சொருகுவேன். போன ஞாயிறுகூட.

அவருடைய எண்ணை வாங்கிக்கொண்டோம். வீட்டுக்குப் போய் மின்சாரத்தை மொத்தமாக நிறுத்திவிட்டு அன்றிரவு எங்கள் வீட்டில்தான் அண்ணி படுத்தாள். “அஞ்சாவதுல ஒரு தட்டு அளவுன்னு எழுதியிருக்கார்,” என்று மட்டும் ஒருமுறை சொன்னாள், தனக்குத்தானே.

வெள்ளிக்கிழமை காலை அவர் அண்ணி வீட்டுக்கு வந்தார். ஒல்லியான, நடுத்தர வயது ஆள். பையை இறக்கிவைத்துவிட்டு நேராகச் சுவருக்குப் போகவில்லை. சமையலறை வாசலில் நின்று, ஸ்டூலைப் பார்த்தார், மேடையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார். ரொம்ப நாள் கழித்துத் தெரிந்தவர் வீட்டுக்கு வந்த மாதிரி தலையை ஆட்டிக்கொண்டார். பிறகு சுவரைத் தொட்டு, கண்ணை மூடிக்கொண்டு விரலால் தட்டிப் பார்த்து, ஓர் இடத்தில் உளியை வைத்தார்.

இரண்டாவது அடியிலேயே பூச்சு ஈர மண்ணாகக் கொட்டியது. உள்ளே குழாய் வியர்த்திருந்தது. பக்கத்தில் ஓடிய மின்கம்பியின் மேலுறை வெடித்துச் செம்பு தெரிந்தது. அவர் அதைக் காட்டி, “இன்னும் ஒரு வாரம் போயிருந்தா...” என்று ஆரம்பித்து, அண்ணி முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்திக்கொண்டார்.

“எத்தன தடவ எழுதினீங்க?” என்று அண்ணி கேட்டாள்.

“நாலு தடவ இருக்கும். யாரோ அழிச்சிட்டே இருந்தாங்க.”

நான் அவர் பக்கத்தில் டார்ச் பிடித்துக்கொண்டு நின்றேன். வெளிச்சம் குழாயை விட்டு நகர்ந்து போயிருந்தது. அண்ணி என்னைக் காட்டிக்கொடுக்க மாட்டாள் என்று தெரியும். அதுதான் தாங்க முடியவில்லை.

“நான்தாங்க அழிச்சேன்,” என்றேன். “திட்டறீங்கன்னு நெனச்சேன். படிக்கக்கூட இல்ல.”

அவர் திரும்பி என்னைப் பார்த்தார். கோபப்படுவார் என்று நினைத்தேன். பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“படிச்சிருந்தாலும் புரிஞ்சிருக்காது மேடம். எனக்கு எழுத வராது,” என்றார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. டார்ச்சை வலது கையிலிருந்து இடது கைக்கு மாற்றி, முகத்தைத் தோளில் துடைத்தேன். பின்னால் ஸ்டூல் தரையில் இழுபடும் சத்தம் கேட்டது. பிறகு காகிதம் புரளும் சத்தம். அண்ணி உட்கார்ந்து, மடியில் அட்டையை வைத்துக்கொண்டு, உடைந்த சுவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். கையில் பென்சில் இருந்தது.

“ரெண்டு பேரும் கொஞ்சம் தள்ளி நில்லுங்க,” என்றாள். “மறைக்குது.”