தீர்ப்பு முடியட்டும், பிறகு கோழி

அன்று எனக்கும் யாங்கோவுக்கும் நிச்சயம். எங்கள் வழக்கப்படி மாப்பிள்ளையின் தாய்மாமன் சேவலைக் கொடுக்க வேண்டும், பெண்ணின் தாய்மாமன் பெட்டைக்கோழியைக் கொடுக்க வேண்டும். கோழிகள் கை மாறினால்தான் நிச்சயம். மறுநாள் காலை யாங்கோ ஜோகன்னஸ்பர்க்குக்கு வேலைக்குப் போகிறான். திரும்ப இரண்டு வருடமாகும்.

அன்றைக்கே கோர்ட்டில் ஜனாதிபதித் தேர்தல் வழக்கின் தீர்ப்பு. மலாவி நாடு முழுவதும் ரேடியோவைச் சுற்றித்தான் உட்கார்ந்திருந்தது. என் மாமா பிஸ்விக் ஜனாதிபதியின் கட்சி. யாங்கோவின் மாமா லாமெக், வழக்குப் போட்ட கட்சி.

"தீர்ப்பு முடியட்டும், அப்புறம் கோழிய மாத்திக்கலாம். அரை மணி நேரந்தான்" என்று இருவரும் கைகுலுக்கிக்கொண்டார்கள்.

காலை ஒன்பது மணிக்கு ஐந்து நீதிபதிகள் வாசிக்கத் தொடங்கினார்கள். ஐந்நூறு பக்கம்.

நான் தலையில் துணியைப் போட்டுக்கொண்டு உள்ளறையில் இருந்தேன். கூப்பிடும்வரை பெண் வெளியே வரக் கூடாது. சோளக்களியும் ஏரி மீனும் மதியமே தீர்ந்துவிட்டன. தீர்ப்பு தீரவில்லை. சேவல் கூவும்போதெல்லாம் யாராவது "ஆட்சேபணை" என்றார்கள்.

"பதவி ஏத்து எட்டு மாசமாச்சு. உக்காந்தவர இந்த அஞ்சு பேரு எப்படி எழுப்புவாங்க, சம்பந்தி?" என்றார் என் மாமா.

"அரசியல் சட்டம் எழுப்பும். ஓட்டு எண்ணுன தாள்ல ஒயிட்னர் பூசித் திருத்துனா வேற என்ன பண்ணும்?" என்றார் லாமெக்.

"ஒங்க சேவலும் வெள்ளையாத்தான் இருக்கு. என்ன பூசுனீங்க?"

பொழுது சாயும் நேரத்தில் தீர்ப்பு வந்தது. தேர்தல் செல்லாது. நூற்றைம்பது நாளுக்குள் மறுதேர்தல்.

லாமெக் எழுந்து ஆடினார். அவர் வீட்டுப் பெண்கள் குலவையிட்டார்கள். என் மாமா பெட்டைக்கோழியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு எழுந்தார்.

"தோத்த கையால குடுக்க மாட்டேன். மறுதேர்தல் முடியட்டும், பாத்துக்கலாம்."

விடிந்தால் யாங்கோ கிளம்பிவிடுவான். யாரும் கூப்பிடவில்லை. துணியோடு வாசலுக்கு வந்துவிட்டேன்.

"மாமா, ஒங்க ஆளு தோத்தார்னு கோர்ட்டு சொல்லலையே."

லாமெக் ஒரு காலைத் தூக்கியபடி நின்றார்.

"அவங்க ஆளு ஜெயிச்சார்னும் சொல்லல. ரெண்டு பேரும் மறுபடி ஓட்டுக் கேக்கணும், அவ்வளவுதான்" என்றேன்.

"நீ எப்ப பேசக் கத்துக்கிட்ட?" என்றார் மாமா.

"காலையிலேருந்து தீர்ப்பத்தான கேட்டுக்கிட்டிருக்கேன்."

ரேடியோக்காரரும் நான் சொன்னதையே சொன்னார். மாமாவின் மீசை மெல்ல நிமிர்ந்தது.

"அப்ப நான் ஆடினது?" என்றார் லாமெக்.

"செல்லாது, சம்பந்தி" என்றார் மாமா.

வீடே சிரித்தது. லாமெக்கும்தான். அந்தச் சிரிப்பிலேயே கோழிகள் கை மாறின. மாமா கையில் சேவல், லாமெக் கையில் பெட்டை. இருவரும் அவற்றை ஆட்டி ஆட்டி மறுதேர்தலுக்குப் பிரசாரம் தொடங்கிவிட்டார்கள். ஒரே இறகு மழை. யாங்கோ அதற்குள் என் பக்கத்தில் வந்து நின்றதை யாரும் கவனிக்கவில்லை.