இரவல் பூதம்

அருள்மேரி பகடையை இரண்டு கையாலும் பொத்திக் குலுக்கி, "மாதாவே" என்று முணுமுணுத்துக்கொண்டு பலகையில் போட்டபோது சூசைமாணிக்கம் முகத்தைச் சன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பகடை பிடிக்கக்கூடத் தெரியாத ஒருத்தியோடு உட்கார்ந்து ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்தைத் தொலைக்க வேண்டும் என்று அவருக்குத் தலையெழுத்து. சீசன் கூட்டம் இறங்கிப்போன ஜூன் மாதம். வெளியே எதிர்க்கடை தெரியாமல் மூடுபனி கிடந்தது. மரியஅந்தோணியின் பேக்கரிப் பின்கட்டில் அடுப்புச் சூடு ஒன்றுதான் சுகமாக இருந்தது.

சூசைமாணிக்கம் கணக்கு வாத்தியார். கொடைக்கானலில் அவர் மதிக்கிற ஆள் என்று ஒருவரும் கிடையாது. ஹெட்மாஸ்டர் தத்தி, பங்குச் சாமியார் தூங்குமூஞ்சி, சீசனுக்கு வருகிறவர்கள் ஏரியைச் சுற்றிக் கேரட் தின்றுவிட்டுப் போகிற மந்தை. இத்தனை மட்டிகளுக்கு நடுவே அவருக்கு வாய்த்த ஒரே ஆறுதல் பூதப்பந்துதான்.

ஊருக்குப் போய்விட்ட வெள்ளைக்கார டீச்சர் ஒருவர் விட்டுப்போன ஆட்டம் அது. கட்டம் போட்ட பலகை, குன்றிமணி அளவில் ஒரு பந்து, மரத்தில் செதுக்கிய பூதங்களும் குள்ளர்களும். பகடையில் விழுகிற எண்ணுக்கு ஆட்களை நகர்த்தி, பந்தை எதிராளியின் கடைசிக் கோட்டுக்குக் கொண்டுபோனால் ஜெயம். மறிக்கிறவனை அடிக்கப் பகடை போட வேண்டும். விழுகிற எண்ணைப் பொறுத்து அவன் ஒதுங்குவான், இல்லாவிட்டால் சாவான். செத்த பொம்மை அப்போதே பேக்கரி அடுப்புக்குள் போகும். அந்த வழக்கத்தை ஏற்படுத்தியவர் சூசைமாணிக்கம்தான். ஜெயிக்கிற அணிக்கு அடிபலம் கூடும் என்று சட்டம் போட்டதும் அவரே. வருஷா வருஷம் ஜெயித்து ஜெயித்து, இப்போது அவர் ஆள் அடித்தால், ஒன்று விழுந்தால்தான் எதிராளி பிழைப்பான். வேறு எது விழுந்தாலும் அடுப்புதான்.

இந்த லட்சணத்தில் புதிதாக யார் வந்து நிற்பார்கள்? ஆயக்குடிக் கொய்யா வியாபாரி ஒருவர் ஆசையாக வந்தார். ஒரே மத்தியானத்தில் அவர் படை முழுக்கச் சாம்பல். அப்புறம் அந்த மனிதர் பன் வாங்கக்கூட இந்தப் பக்கம் வரவில்லை. "பயந்தாங்கொள்ளி" என்று ஒரே வார்த்தையில் அவரை முடித்துவிட்டார் சூசைமாணிக்கம். மிஞ்சியது அவரும் மரியஅந்தோணியும் டாக்ஸி ஓட்டுகிற செல்லப்பாண்டியும்தான். அப்போதுதான் வத்தலக்குண்டிலிருந்து தபாலாபீசுக்கு மாற்றலாகி வந்த அருள்மேரி, தானும் ஆடுகிறேன் என்று வந்து நின்றாள்.

அன்று ஆட்டம் தொடங்கும்முன் மரியஅந்தோணி பேச்செடுத்தார். "இந்தப் பிள்ளையும் ஓடிருச்சுன்னா லீக்கை மூடிற வேண்டியதுதான் சார். புதுசா வர்றவுகளுக்கு ஏதாச்சும் சலுகை வைப்போம்ங்க."

"மொத வருசம் அவுக ஆளு சாகக் கூடாதுன்னு வச்சுக்கிருவோம்," என்றான் செல்லப்பாண்டி.

சூசைமாணிக்கம் மூக்கால் சிரித்தார். "பாவம் பாக்குறதுக்கா ஆட்டம் வச்சிருக்கோம்? பிச்சைதான் போடணும்னா நானே போடுறேன். எம் படையில எதை வேணும்னாலும் ஒரு ஆட்டத்துக்கு எடுத்துக்கிடட்டும். ஓட்டத் தெரியாதவுககிட்ட லாரியக் குடுத்தா என்ன ஆயிரப்போகுது?"

"அடிபட்டுச் செத்துச்சுன்னா?" என்று கேட்டான் செல்லப்பாண்டி.

"செத்தா அடுப்பு. ரூலுன்னா எல்லாருக்கும் ரூலுதான்."

அருள்மேரி அவர் படையை ஒரு பார்வை பார்த்தாள். "அந்தச் சங்கிலி போட்டவனக் குடுங்க சார். பெருசா இருக்கான்."

வீட்டுக்குப் பின்னாலிருந்த பேரிக்காய் மரத்தில் அவரே செதுக்கிய பூதம் அது. கழுத்தில் பழைய கடிகாரச் சங்கிலி. அதனால் அதன் பேரும் சங்கிலி. பரீட்சைத் தாள் திருத்தும்போது மேஜையில் அதை எதிரே உட்காரவைத்து, எந்தக் கழுதை என்ன எழுதியிருக்கிறது என்று அதனிடம்தான் சொல்வார். ஊரில் அவர் மரியாதை கொடுத்துப் பேசியது அந்தச் சாண் உயரக் கட்டையோடு மட்டும்தான். ஆனாலும் முகம் சுளிக்காமல் எடுத்துக் கொடுத்தார். இவள் அதை எங்கே கொண்டுபோய் நிறுத்தித் தொலைவாள் என்று அவர் யோசிக்கவே இல்லை. இவளுக்கெல்லாம் போய் யோசிப்பதாவது!

அவர் நினைத்தபடிதான் அவளும் ஆடினாள். அவள் பக்கத்துக் குள்ளர்கள் ஒவ்வொருவராக அடுப்புக்குப் போனார்கள். ஒவ்வொருவனுக்கும் "ஐயோ பாவம்" என்றாள். எப்படியோ குருட்டு அதிர்ஷ்டத்தில் ஒரு குள்ளன் மட்டும் பந்தோடு ஓரத்துக்குத் தப்பி ஓடினான். மாதாவைக் கூப்பிட்டு அவள் இப்போது போட்ட பகடையில் ஐந்து விழுந்தது. குள்ளன் கடைசிக் கோட்டுக்கு ஒரே கட்டம் மிச்சம் இருக்கப் போய் நின்றான். அவனை நெருங்க ஒரே வழிதான் இருந்தது. அந்த வழியில் சங்கிலியைத் தூக்கி வைத்தாள் அருள்மேரி.

"இவன் இங்கன துணைக்கு நிக்கட்டும்."

செல்லப்பாண்டி கையிலிருந்த டீ கிளாஸைக் கீழே வைத்தான். சூசைமாணிக்கம் பலகையைப் பார்த்தார். மறுபடியும் பார்த்தார். பந்தைப் பிடுங்க வேண்டுமென்றால் சங்கிலியை அடிக்க வேண்டும். அடித்தால், ஒன்று விழாவிட்டால், சாவு. அடிக்காமல் விட்டால் அடுத்த பகடையில் குள்ளன் கோட்டைத் தாண்டுவான். இதுவரை யாரிடமும் தோற்காதவர், தபால்தலை கிழித்துக் கொடுக்கிற இந்த அசட்டிடம் தோற்பார்.

பகடையை எடுத்தார். போடாமல் கைக்குள்ளேயே வைத்துக்கொண்டார்.

அவர் கையையும் பூதத்தையும் பார்த்த பிறகுதான் அருள்மேரிக்கு உறைத்தது. "அடடா, உங்க ஆளுல்ல சார். தெரியாம வச்சுட்டேன்," என்றாள். குரலில் துளி கேலி இல்லை. "நகட்டி வச்சுக்கிறட்டுமா? நீங்க வந்து பந்தை எடுத்துக்கிடுங்க. பாவம், ஆசையாச் செஞ்சிருக்கீங்க."

பாவமாம். சூசைமாணிக்கத்துக்குக் காது மடல் எரிந்தது. ஊரில் யாருக்கும் கொடுக்காமல் அவர் தூக்கி எறிந்த சொல்லை இவள் பொறுக்கி எடுத்துத் துடைத்து அவருக்கே நீட்டுகிறாள். 'வேண்டாம்' என்று சொல்ல வாயெடுத்தார். சங்கிலி அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. 'சரி' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொன்னால் இவள் போடுகிற பிச்சையை வாங்கியதாக ஆகும்.

"சொல்லுங்க சார்," என்றாள் அருள்மேரி. விரலைப் பூதத்தின் தலைமேல் வைத்தபடி காத்திருந்தாள்.

பகடை குலுங்கும் சத்தம் கேட்டதும் மரியஅந்தோணி வழக்கம்போல எழுந்துபோய் அடுப்புக் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். கங்கின் வெளிச்சம் பலகை மேல் விழுந்து கடிகாரச் சங்கிலி மினுங்கியது. சூசைமாணிக்கம் போடவும் இல்லை, கீழே வைக்கவும் இல்லை; மூடிய கைக்குள் பகடை குலுங்கிக்கொண்டே இருந்தது.