கூரைப்பாறை வெடிப்பு

நாலு பேர் பாடையைத் தூக்கி ஓடைப்பக்கம் திருப்பியதும் சீனித்தாய் எழுந்து ஓடிப்போய் ஓடைக்கு இறங்குகிற சந்தின் வாயில் குறுக்கே உட்கார்ந்துவிட்டாள். முன்னால் தூக்கியவன் கால் வைக்க இடமில்லாமல் நின்றான். பின்னால் வந்தவன் தெரியாமல் தள்ளினான். பாடை ஒரு பக்கம் சாய, மேலே கிடந்த மாலைகளில் ஒன்று நழுவி அவள் மடியில் விழுந்தது. அவள் அதைத் தொடவில்லை.

“தெரு வழியா கொண்டு போறதுன்னா கொண்டு போங்க. இல்லைன்னா இங்கனயே கெடக்கட்டும்” என்றாள்.

அழுதுகொண்டிருந்த பெண்கள் எழுந்து சந்துப் பக்கம் வந்தார்கள்.

செத்துக் கிடந்தவன் அவள் புருஷன் சுந்தரபாண்டி. நாற்பது வயது. கோவில்பட்டியில் தீப்பெட்டி ஆபீஸ் ஒன்றில் குச்சிக்கு மருந்து முக்குகிற வேலை. திங்கட்கிழமை சாயங்காலம் ஊருக்கு மேற்கே கூரைப்பாறையிலிருந்து விழுந்து மண்டை உடைந்து போனான். செவ்வாய்க்கிழமை மதியத்துக்கு மேல் பெரியாஸ்பத்திரியில் அறுத்துக் கட்டிக் கொடுத்தார்கள். அதற்குள் ஊர் தன் தீர்ப்பைச் சொல்லி முடித்துவிட்டது. கூரைப்பாறைக்கு அடியில் ஊர்க்கோயில் அம்மனின் பீடம் இருக்கிறது. பாறையின் அடிவயிற்றில் ஓடும் வெடிப்பில் கையையும் காலையும் செருகிக்கொண்டு, பல்லிமாதிரித் தலைகீழாக நகர்ந்து வெளிவிளிம்புக்குப் போய் மேலே ஏறுவான் சுந்தரபாண்டி. அதாவது அம்மன் தலைக்கு மேல் காலை வைத்துப் போவான். அவள் பார்த்துக்கொண்டா இருப்பாள், தட்டிவிட்டாள். அப்படிச் செத்தவனை அம்மன் கொடைத் திருவிழா நேரத்தில் கோயில் தெரு வழியாகக் கொண்டுபோகக் கூடாது. கொட்டு கூடாது, சங்கு கூடாது. ஓடைக்குள் இறங்கிச் சத்தமில்லாமல் சுடுகாடு சேர வேண்டும். ஊர்த்தலைவர் சோலைச்சாமி வேப்பமரத்தடியில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்து இதைச் சொன்னார்.

சாராயம் குடித்துக் குடல் வெந்து செத்தவனுக்கு இந்த ஊரில் கொட்டு உண்டு. பெண்டாட்டியை மிதித்தே சாகடித்தவனுக்குப் போன மாசம் பூப்பல்லக்கு கட்டினார்கள். ஒருத்தன் குடியையும் கெடுக்காமல் பாறையில் தொங்கினவனுக்கு ஓடை. நினைக்க நினைக்கச் சீனித்தாய்க்கு வயிறு எரிந்தது.

அவன்மீதும் எரிந்தது. சுனாமிக்கு அடுத்த வருஷம் பெங்களூரிலிருந்து ஜீப்பில் நாலைந்து பேர் முதுகில் மெத்தையைக் கட்டிக்கொண்டு வந்து இறங்கினார்கள். ஏறி விளையாடப் பாறை வேண்டுமாம். வழிகாட்டப் போனவன்தான் இவன். கீழே மெத்தையைப் போட்டுவிட்டு அவர்கள் ஏறுவதும் விழுவதுமாக இருந்ததைக் கொஞ்ச நேரம் பார்த்தான், செருப்பைக் கழற்றிப் போட்டான். ஆறே மாதத்தில், அவர்களில் ஒருத்தனாலும் முடியாத கூரை வெடிப்பை முடித்துவிட்டான். அவர்கள் கைதட்டினார்கள். ஊர்ப் பயல்கள் உடும்பு என்று பேர் வைத்தார்கள். மெத்தைக்காரர்கள் மாதம் ஒருமுறைதான் வருவார்கள். இவனுக்கோ பஸ்ஸை விட்டு இறங்கினால் தினமும் அங்கேதான் வழி. கீழே வெறும் கல்தான் கிடக்கும்.

புறங்கைத் தோல் உரிந்து வருவான். மஞ்சளும் தேங்காயெண்ணெயும் குழைத்துப் போட்டுக்கொண்டே அவள் திட்டுவாள். பத்தாம் வகுப்பு படிக்கிற பொம்பளைப்பிள்ளையை வீட்டில் வைத்துக்கொண்டு குரங்கு வேலை பார்க்கிற ஆம்பளையை எந்தச் சீமையிலாவது கண்டதுண்டா என்பாள். கையை உள்ளே விட்டு மடக்கிவிட்டால் பாறையே நம்மைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்லிச் சிரிப்பான். அந்தச் சிரிப்பைக் கண்டால்தான் அவளுக்கு ஆத்திரம் தலைக்கேறும்.

இன்று குளிப்பாட்டும்போது அந்த வலது கையை அவள்தான் கழுவினாள். நகக்கண் எல்லாம் சிமெண்ட். விரல்முட்டிவரை அப்பிக் காய்ந்திருந்தது. கூட இருந்தவர்கள் அதைத் தீப்பெட்டி மருந்து என்று நினைத்துக்கொண்டார்கள். அவளுக்குக் கண்டவுடனே தெரிந்துவிட்டது. தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். முழுக்கப் போகவில்லை.

அந்தச் சிமெண்டை அங்கே வைக்கச் சொன்னவள் அவள்.

போன வெள்ளிக்கிழமை சோலைச்சாமி வீட்டுக்குப் போய், மழை பெய்தால் வெடிப்பு வழியாக அம்மன் தலையில் ஒழுகுகிறது, கொடைக்கு முன்னால் அடைத்துவிடக் கூடாதா என்று பக்தியோடு கேட்டாள். அடைத்துவிட்டால் இந்த மனுஷன் ரெண்டு நாள் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டு திரிவான், அப்புறம் வீட்டோடு கிடப்பான் என்று நினைத்தாள். சோலைச்சாமிக்கும் அது நல்ல யோசனையாகப் பட்டது. கொத்தனார் கிட்டு திங்கட்கிழமை மதியத்துக்கு மேல் போய், தண்ணீர் இறங்குகிற வெளிவிளிம்பில் ஒரு முழத்துக்கு அடைத்தான். மறுநாள் கால்நாட்டு. கொடைக்குப் பந்தக்கால் நட்டுவிட்டால் எட்டு நாளைக்குப் பாறைப்பக்கம் யாரும் போக முடியாது. அதனால் அன்றைக்கே ஒருதடவை ஏறிவிடலாம் என்று சுந்தரபாண்டி பஸ்ஸை விட்டு இறங்கி நேரே அங்கே போவான் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அடைத்த இடம் விளிம்பைத் தாண்டி மேல்பக்கம் இருந்தது. தலைகீழாகத் தொங்குகிறவன் கண்ணுக்கு அது தெரியாது. எப்போதும் பார்க்காமலே கையை வீசி உள்ளே விடுகிற இடம் அது.

கொள்ளிச்சட்டியோடு நின்ற கொழுந்தன் லிங்கராஜ் அவளிடம் குனிந்தான். “மதினி, ஊரோட ஒத்துப் போவோம். நாளைக்கு இந்தப் பிள்ளையக் கட்டிக் குடுக்கணும்லா” என்றான்.

மகள் ஜெயப்பிரியா வந்து அம்மாவை ஒட்டிப் புழுதியில் உட்கார்ந்தாள். கையைக் கோத்துப் பிடித்துக்கொண்டாள். “நீ எந்திக்காதம்மா” என்று காதுக்குள் சொன்னாள்.

ஆத்திரப்படக் கூடாது, இது சாமி காரியம், தன் கையில் ஒன்றும் இல்லை என்றார் சோலைச்சாமி. சீனித்தாய் விடவில்லை. அவன் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போதே, பிணம் ஊரைவிட்டுப் போகிறவரைக்கும் பொறுக்காமல், விடிந்தும் விடியாமலும் அவசர அவசரமாகப் பந்தக்காலை நட்டவர்கள் யார் என்று கேட்டாள். போன வருஷம் கால்நாட்டுக்கு அப்புறம் பக்கத்து வீட்டுச் செண்பகராஜின் அப்பா செத்தபோது, கோயில் வாசலில் திரையைக் கட்டிவிட்டு இதே தெரு வழியாகக் கொண்டுபோனீர்களா இல்லையா என்று கேட்டாள்.

“அவரு அம்மன் தலைக்கு மேல காலை வச்சவரா?” என்றார் சோலைச்சாமி.

“திங்கக்கெழம கிட்டு அம்மன் தலைக்கு மேல பலகையப் போட்டு ரெண்டு மணி நேரம் நின்னானே அண்ணாச்சி. அவன் கால் மட்டும் என்ன பூவா?”

எல்லோரும் கிட்டுவைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் சுவரோரம் நின்று தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். அது கோயில் வேலை, அதையும் இதையும் ஒன்றாக்கக் கூடாது என்றார் சோலைச்சாமி.

அவள் அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம் மாரில் அடித்துக் கத்தினால் யாராவது குறுக்கே வந்து சமாதானம் பேசுவார்கள். ஓடை வழிதான், ஆனால் சங்கு மட்டும் ஊதிக்கொள் என்பார்கள். ஆனால் சாமி அடித்துச் செத்தவன் என்கிற பேச்சு மட்டும் போகாது. அவன் செத்தும் சாகாமல் ஊர் வாயில் கிடப்பான். கயத்தாறில் கட்டிக் கொடுத்தாலும் எட்டயபுரத்தில் கட்டிக் கொடுத்தாலும் அந்தப் பேச்சு ஜெயப்பிரியாவுக்கு முன்னால் பஸ் ஏறிப் போய் உட்கார்ந்திருக்கும். சீனித்தாய் மகளைப் பார்த்தாள். அழுது வீங்கின முகம். கோத்த கையை இறுக்கிப் பிடித்திருந்தாள்.

“கோயில் வேலையும் இல்ல, ஒரு மண்ணும் இல்ல” என்றாள் சீனித்தாய். “அவிய ஏறக் கூடாதுன்னு நான் சொல்லிச் செஞ்ச வேல. ஒழுகுதுன்னு உங்ககிட்ட சொன்னது பொய். அவிய கையை நாந்தான் கழுவுனேன் அண்ணாச்சி. நகமெல்லாம் சிமெண்டு. அம்மன் தள்ளல. நாந்தான் தள்ளுனேன்.”

சந்துக்குள் எவனோ இருமினான். சோலைச்சாமி நாற்காலியை விட்டு எழுந்தார்.

சுவரோரத்திலிருந்து கிட்டு பேசினான். “காலைல பாறையடியில கால் நாட்டப் போனப்ப மேல ஏறிப் பாத்தேன் அண்ணாச்சி. கலவையில நாலு வெரல் இழுத்த தடம் இருந்துச்சு. சாமி குத்தம்னு எல்லாரும் பேசிட்டு இருந்தாவ. நான் கொஞ்சம் கலவை வச்சு மூடிட்டேன்.”

சோலைச்சாமி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். திரும்பவும் துடைத்தார். அடைக்க உத்தரவு போட்டவர் அவர்தான். அதை அங்கே யாரும் சொல்லவில்லை, சொல்ல வேண்டியும் இருக்கவில்லை.

“கோயிலுக்குத் திரையக் கட்டுங்கலே” என்றார் யாரையும் பார்க்காமல்.

சும்மா உட்கார்ந்திருந்த கொட்டுக்காரர்கள் எழுந்து தோலைக் காய்ச்ச ஓலையைக் கொளுத்தினார்கள். பாடை திரும்பியது. லிங்கராஜ் மதினியின் முகத்தைப் பார்க்காமல் முன்னால் நடந்தான். சுந்தரபாண்டி கோயில் தெரு வழியாக, சங்கும் கொட்டுமாக, எல்லோரையும் போலப் போனான். சீனித்தாய் வென்றுவிட்டாள். எழுந்திருக்கத் தரையில் கையை ஊன்றியபோதுதான் மகளின் கை அதில் இல்லை என்பது தெரிந்தது. எப்போது விட்டாள் என்று தெரியவில்லை.

பெண்கள் தெருமுனையோடு திரும்பிவிட்டார்கள். பாடை போனதும் வீட்டைக் கழுவிவிட்டுக் குளிக்க வேண்டும். தாலியறுத்தவளுக்கு நாத்தனார், ஓரகத்தி என்று யாராவது தலையில் தண்ணீர் ஊற்ற வேண்டும். தொட்டியைச் சுற்றிப் பத்துப் பேர் நின்றார்கள். ஒருத்தியும் வாளியைத் தொடவில்லை. ஒருத்தி காதை இன்னொருத்தி கடித்துக்கொண்டிருந்தாள். யாராவது முகத்துக்கு நேரே ஒரு வார்த்தை கேட்டால் பிலுபிலுவென்று பிடித்துக்கொள்ளலாம் என்று சீனித்தாய்க்கு இருந்தது. ஒருத்தியும் கேட்கவில்லை. அவள் துவைக்கிற கல்லில் போய்த் தானாக உட்கார்ந்தாள்.

ஜெயப்பிரியா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். வாளியைத் தொட்டிக்குள் முக்கித் தூக்கி, அம்மா தலையில் கவிழ்த்தாள். மறுபடியும் முக்கினாள். மூக்கிலும் வாயிலும் தண்ணீர் ஏறிச் சீனித்தாய் கையைத் தூக்கினாள். அதைக் கவனிக்காமல், மூச்சுவிட இடம் கொடுக்காமல் மகள் ஊற்றிக்கொண்டே இருந்தாள்.