சின்னக் கைக்கு ஒரு பிடி

காட்டுக் கத்தி வாங்க வருகிறவர்கள் எல்லாரும் முதலில் அலகைத்தான் பார்ப்பார்கள். வீடு வாங்கப் போய் வாசல் கதவை மட்டும் தட்டிப் பார்த்துவிட்டு வருகிறவர்கள் மாதிரி. பளபளக்கிறதா, முதுகில் ரம்பப் பல் இருக்கிறதா, சினிமாவில் வருவது போல இருக்கிறதா, இவ்வளவுதான் கேள்வி. பிடியைப் பற்றி ஒருத்தரும் வாய் திறக்க மாட்டார்கள். மழையில் நனைந்த கையோடு விறகு சீவும்போது காப்பாற்றப் போவது பிடிதான் என்பது, கையைக் கிழித்துக்கொண்ட பிறகுதான் உறைக்கும்.

அந்தப் பட்டறையில் பிடி அவளுடைய வேலை. உலையும் சாணையும் அப்பாவுடையது. அம்மா தோல் உறை தைப்பாள். அண்ணன் வாயால் வியாபாரம் செய்வான். குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்தவள் என்பதால் வீட்டில் அவளுக்குப் பெயரே 'டிகிரி' என்றாகிவிட்டது. "இவ்வளவு படிச்சிட்டு அரத்தைப் பிடிச்சிக்கிட்டு உக்காந்திருக்கியே" என்று தெருவில் யாராவது இழுத்தால், "படிச்சதுனாலதான் உங்களுக்கு மரியாதையா பதில் சொல்லிட்டிருக்கேன்" என்பாள்.

அப்படிப்பட்டவளிடம்தான் 'கூடாரம்' வந்து மாட்டினான். அவன் தொழில் ஆட்களைக் காட்டுக்குக் கூட்டிப்போய்க் கூடாரம் போட்டுத் தங்கவைப்பது. பெயர் அண்ணன் வைத்தது. முதல் நாள் முழங்கை நீளத்துக்கு ஒரு பளபளப்பை எடுத்து வீசிப் பார்த்தான்.

"எதுக்கு இது? போருக்குப் போறீங்களா?"

"இல்லீங்க, கேம்ப்புக்கு."

"அப்ப இதை வச்சிட்டு அதை எடுங்க."

அவள் காட்டியது உள்ளங்கையை விடக் கொஞ்சமே நீளமான, மங்கிய கத்தி. அலகின் வால் இரும்பு பிடிக்குள் கடைசிவரை ஓடுகிறது, அதனால் விறகில் வைத்து முதுகில் கட்டையால் அடித்தாலும் முறியாது என்று விளக்கினாள். பிறகு ஒரு குச்சியைச் சுற்றி ஈரக் களிமண்ணை அப்பி அவன் கையில் கொடுத்து, விறகு சீவுகிற மாதிரி இறுக்கிப் பிடிக்கச் சொன்னாள். அந்தப் பட்டறை வழக்கம் அது. களிமண்ணில் பதிகிற கையைப் பார்த்துத்தான் பிடி செதுக்குவாள்.

"சுண்டுவிரல் எப்பவோ உடைஞ்சிருக்கு. பயந்தா கட்டைவிரலைத் தூக்குவீங்க போல" என்றாள் பதிவைப் பார்த்து.

அவன் வாயைப் பிளந்தான். அன்று பிளந்தவன் அப்புறம் தினமும் வர ஆரம்பித்தான். காய்ந்த களிமண் அச்சுகளை அலமாரியிலிருந்து எடுத்து, இது சமையல்காரர் கை, இது கோபக்காரர் கை என்று அவனுக்கும் படிக்கக் கற்றுக்கொடுத்தாள். வருஷங்கள் ஓடின. "எங்கம்மா பொண்ணு கேட்டு வருவாங்க" என்று அவன் சொன்னதை நம்பி, அவள் அம்மா முன்னறைக்குப் புதுத் திரைச்சீலைகூட மாட்டிவிட்டாள்.

அன்று காலை அவன் வண்டியை அணைக்கக்கூட இல்லை. ஒரு தகர டப்பாவை நீட்டினான். உள்ளே காய்ந்த அச்சு.

"ஒரு கஸ்டமருக்கு. நல்லா செஞ்சு குடு."

"உங்கம்மா எப்ப வராங்க?"

"வருவாங்க. அவசரப்படாத."

"எனக்கு அவசரமில்ல. திரைச்சீலைதான் அழுக்காகுது."

எப்போதும் சிரிப்பவன் சிரிக்கவில்லை. போய்விட்டான்.

சன்னல் வெளிச்சத்தில் வைத்து அச்சைப் பார்த்தாள். சின்னக் கை. முட்டையைப் பிடிப்பது போலப் பிடித்த கை. கருவி பிடித்துப் பழக்கமில்லை, கற்றுக்கொள்ள ஆசை மட்டும் இருக்கிறது. மோதிர விரல் பள்ளத்தில் கயிறு முறுக்கியது போல ஒரு தடம். தடத்தின் நடுவே ஓர் இலை.

அந்த மோதிரம் அவள் விரலில் ஏறியிருக்கிறது, பாதிவரை. ஒரு டீக்கடையில், தன் அம்மாவுக்குத் தெரியாமல் எடுத்து வந்து காட்டினான். அரம் பிடித்துத் தடித்த விரல் முட்டியில் அது நின்றுவிட்டது. "பெருசாக்கிக்கலாம். எங்கம்மா மருமகளுக்குன்னு வச்சிருக்காங்க" என்று சொன்னவனும் அவன்தான்.

போனை எடுத்தாள்.

"உன் கஸ்டமர் போட்டிருக்கற மோதிரம் நல்லாயிருக்கு."

"அம்மா ஒத்துக்கவே இல்ல. பட்டறைக்காரங்க வீட்டுல எப்படின்னு... நான் எவ்வளவோ பேசிப் பார்த்தேன்."

"நிச்சயம் முடிஞ்சுதா?"

"ம்."

"அந்தப் பொண்ணுக்கு என்னைத் தெரியுமா?"

"தெரியாது. காட்டுக்கு வரணும்னு அவளுக்கு ஆசை. நல்ல கத்தி வேணும்னு கேட்டா. உன்னை மாதிரி யாரும் செய்ய மாட்டாங்க, அதான்."

"மோதிரத்தைக் கழட்டிட்டுப் பிடின்னு சொல்லியிருக்கலாமே. நான் பார்ப்பேன்னு உனக்குத் தெரியும்ல?"

கேட்கும்போதே அவளுக்கு முழுசாக விளங்கியது. மறந்துபோய் நடந்ததில்லை இது. வாய் இருக்கிறவன் மண்ணைத் தூது விட்டிருக்கிறான்.

"உன் முகத்தைப் பார்த்துச் சொல்ல எனக்கு வாய் வரல" என்றான் கடைசியில்.

"கத்தி கேக்க மட்டும் வந்துச்சோ?"

வைத்துவிட்டாள்.

வீடு கொதித்தது. "அவன் கூடாரத்தைக் கொளுத்திட்டு வரேன்" என்று அண்ணன் வண்டிச் சாவியைத் தேடினான்.

"கொளுத்தினா அவனுக்கு இன்சூரன்ஸ் வரும். உக்காருண்ணே."

அப்பா டப்பாவைக் கையில் எடுத்தார். "நான் திருப்பிக் குடுத்துர்றேன்மா."

"வேணாம்ப்பா. நான் செய்யறேன்."

யாருக்கும் புரியவில்லை. அவள் மனசில் இருந்தது சுத்தமான வன்மம். இழை நெருங்கிய மரத்துண்டு இரண்டை அலகின் வாலில் ஒட்டி, ரிவெட் ஆணி அடித்து, அரத்தைப் பிடித்தாள். உள்ளங்கை படுகிற இடத்தில் கண்ணுக்குத் தெரியாத ஒரு விளிம்பை விட்டுவைத்தாள். அரை மணி சீவினால் கொப்புளம் எழும். எழட்டும். மோதிரம் போட்ட கைதானே.

உப்புத்தாள் தேய்க்க உட்கார்ந்தபோது விரல் தானாக அந்த விளிம்புக்குப் போனது. இழுத்துக்கொண்டாள். மறுபடி போனது. முட்டையைப் பிடிக்கிற மாதிரி பிடித்தவள் என்ன செய்தாள்? ஒரு கத்திக்கு ஆசைப்பட்டாள், அவ்வளவுதான். திரும்ப நினைவு வந்து பார்த்தபோது விளிம்பு இல்லை.

எந்தக் கத்தியையும் அவர்கள் சீவிப் பார்க்காமல் கொடுப்பதில்லை. ஆனால் இந்தப் பிடி அவள் கைக்கு அடங்கவில்லை, விரல்கள் வழிந்தன. வீட்டில் சின்னக் கை அம்மாவுக்குத்தான். உறை தைக்கும் முக்காலியில் உட்கார்ந்து அம்மா ஒரு குச்சியைச் சீவினாள். சுருள் சுருளாகச் சீவல் மடியில் விழுந்தது. குச்சி தேய்ந்து முடிந்ததும் உள்ளங்கையை விரித்துப் பார்த்தாள்.

"நோகலடி."

"நல்லாப் பாரும்மா."

"பார்த்துட்டேன். துளி கூட நோகல." அம்மா கத்தியை மடியில் வைத்தாள். "இவ்வளவு நல்லா ஏண்டி செஞ்ச, பாவி?"

"கெடுக்கத்தாம்மா பார்த்தேன். இந்தச் சனியன் பிடிச்ச கை விடல."

சொன்ன மாத்திரத்தில் அதுவரை வராத அழுகை வந்தது. அழகான அழுகையில்லை. அடிபட்ட மாடு போல ஒரு சத்தம். முன்பக்கம் கடையில் யாரோ இரண்டு பேர் அண்ணனிடம் பளபளப்பாக ஏதோ கேட்டுக்கொண்டிருந்தார்கள். பேச்சு நின்றது.

அப்பா எழுந்து போய்ச் சாணையைப் போட்டார். அது வீடே அதிர இரைந்தது. அவர் அதன் முன்னால் தலையைக் குனிந்து நின்றார். தீட்டுவதற்குக் கையில் ஒன்றும் இல்லை.