முகம் மூடும் துணி

"துணியப் பிடிப்பா. அப்பா முகத்த நல்லா பாத்துட்டு மூடு," என்றார் பங்குச் சாமியார்.

வீட்டு வாசலில், பந்தலுக்குக் கீழே, பெட்டியில் சிலுவைமுத்து கிடந்தார். மூத்த மகன் முகம் பார்த்துத் துணி போட்ட பிறகுதான் ஆணி அடிப்பார்கள். அற்புதராஜ் குனிந்தான். காதுகள் தெரிந்தன. மார்பில் ஜெபமாலை தெரிந்தது. முகம் இருக்கவேண்டிய இடத்தில் சாம்பல் நிற ஓட்டை.

ஆறு மாதத்துக்கு முன், எழுபத்து நாலு பிப்ரவரியில், அவன் வேலை பார்க்கும் மலை மேல் சூரிய ஆய்வுக்கூடத்தில் நடந்தது அது. மேகத்துக்குள் சூரியனைத் தேடச் சின்னத் தொலைநோக்கியின் வடிகட்டியைக் கழற்றினான். திரும்ப மாட்டுவதற்குள் மேகம் விலகிவிட்டது. வலக்கண்ணுக்கு என்னவோ ஆயிற்று என்று பதறி, இடக்கண்ணை வைத்துப் பார்த்தான். இரண்டு கண்ணிலும் நடுப்பார்வை போயிற்று, ஓரப்பார்வைதான் மிச்சம். படித்தவன் செய்கிற காரியமா அது! பதினோரு வருடமாகச் சூரியனின் விளிம்பில் எழும் தீநாக்குகளைப் படமெடுத்து அளந்தவன், அன்றிலிருந்து படம் பதிந்த கண்ணாடித் தகடுகளைச் சாய்த்துப் பிடித்துச் சமாளிக்கிறான். யாருக்கும் தெரியாது. வரும் திங்கட்கிழமை ஆய்வுக்கூடத்தில் கண் பரிசோதனை. தெரிந்தால் வேலை போகும். அதைவிட, சூரியன் போகும்.

"ஏம்பா, நேரமாவுது, வெயில் ஏறுது," என்றார் சித்தப்பா அமிர்தசாமி.

உற்றுப் பார்க்கப் பார்க்க முகம் இல்லாமலே போனது. வேறு வழியில்லாமல் தலையைத் திருப்பி, தூரத்தில் உப்பளத்தில் குவித்திருந்த உப்பைப் பார்த்தான். கடைக்கண்ணில் அப்பா மங்கலாக வந்தார். வெள்ளைத் தாடி, ஒட்டிய கன்னம், மூடிய கண்கள்.

"பெத்த அப்பன் மூஞ்சியப் பாக்கமாட்டேன்றான் பாரு," என்றது கூட்டத்தில் ஒரு பெண் குரல்.

தங்கை மரியசெல்வி அழுகையை நிறுத்திவிட்டு அவனையே பார்த்தாள். உப்பளத்து வெளிச்சத்தில் கண் கெட்டு, கடைசி நாலு வருடம் அப்பாவும் எதையும் இப்படிப் பக்கவாட்டில்தான் பார்த்தார். அந்தக் கழுத்துச் சாய்வு அவளுக்குத் தெரியும். சொல்லிவிடுவாளோ என்று அவன் பயந்தான்.

"எத்தினி நாளா, அண்ணா?" என்று காதோரம் கேட்டாள்.

அவன் துணியைப் போட்டான். அது முகத்தில் விழாமல் தோளில் விழுந்தது. யாரும் கவனிக்கும் முன் அவள் இழுத்துச் சரிசெய்தாள்.

கல்லறைத் தோட்டத்துக்கு உப்பள வரப்பு வழியாகத்தான் போகவேண்டும். இரண்டு பக்கமும் தண்ணீர் வெயிலில் மின்னிக் கண்ணைக் குத்தியது. பெட்டி முன்னால் போயிற்று. பின்னாலிருந்து மரியசெல்வி அவனுடைய முழங்கையைப் பிடித்தாள். அப்பாவைக் கூட்டிப்போகும்போது பிடிக்கிற அதே பிடி.

"பள்ளம்," என்றாள் மெதுவாக.

அவன் காலைத் தூக்கி வைத்தான்.